உயர்த்திய ஜீப்பும் உடையும் ஷாஃப்ட்டும்
சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு



நமது இதழில் எடை அளவு, வரி, உரிமம், கொள்முதல் ஆகியவை பற்றித்தான் வழக்கமாக எழுதுகிறோம். இந்த முறை வண்டியைப் பற்றி எழுதுகிறேன். காரணம் உண்டு. முன்பெல்லாம் மொத்தக் கடைக்காரர் லாரி புக்கிங் ஆபீசை நம்பி இருந்தார். சில்லறைக் கடைக்காரர் மாட்டு வண்டியையும் டிரை சைக்கிளையும் நம்பி இருந்தார். இன்று பத்து மூட்டை வாங்குகிறவர்கூட சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். கடையில் உள்ள சரக்கின் மதிப்பைவிட வாசலில் நிற்கும் வண்டியின் மதிப்பு கூடுதலாக இருக்கும் கடைகள் நம் ஊரிலேயே பல. ஆனால் தராசைச் சோதிக்கும் அக்கறையில் கால்பங்கு கூட வண்டியின் அடிப்பாகத்தின் மேல் நமக்கு இல்லை.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குருவிகுளம் பக்கம் காட்டுக்குள் இறங்கி மக்காச்சோளமோ மிளகாயோ ஏற்ற வேண்டுமானால் சாதாரண வண்டி புதைந்து நின்றுவிடும். மேற்கே போனால் மலையடிவாரத் தோப்புகள். தேனி மாவட்டத்தில் போடி ஏலக்காய் வியாபாரத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு மலை ஜீப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்திற்கு இன்றும் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போயாக வேண்டும். இப்படிப்பட்ட வழிகளுக்காக நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப், பிக்கப் வண்டிகளை வாங்கி, கல்லில் அடிபடாமல் இருக்க உயர்த்திக் கட்டுகிறார்கள். பட்டை கூட்டுகிறார்கள், கட்டை வைக்கிறார்கள், பெரிய டயர் மாட்டுகிறார்கள். அதன்பின் சில மாதங்களில் 'ஷாஃப்ட் போய்விட்டது, ஜாயிண்ட் கிராஸ் போய்விட்டது' என்று ஷெட்டுக்கு அலைகிறார்கள். இது ஏன், எப்படிச் சரி செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷாஃப்ட் செய்யும் வேலை

என்ஜினும் கியர் பாக்ஸும் சேசிஸில் அசையாமல் பொருத்தப்பட்டவை. பின் அச்சு ஸ்பிரிங் பட்டையில் தொங்குகிறது. பள்ளம் மேட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது. அசையாத இடத்திலிருந்து அசையும் இடத்திற்குச் சுழற்சியைக் கொண்டு போகும் குழாய்தான் புரபெல்லர் ஷாஃப்ட். இரு முனையிலும் ஜாயிண்ட் கிராஸ் இருப்பதால் அது சாய்ந்தபடியே சுற்ற முடிகிறது. ஒரு முனையில் பல் வெட்டிய வழுக்கு இணைப்பு இருப்பதால் நீளம் கூடவும் குறையவும் முடிகிறது. நான்கு சக்கர இயக்க வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று என இரண்டு ஷாஃப்ட்டுகள்.

இந்த இணைப்பு புதிய சங்கதி அல்ல. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோ பெயராலும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பெயராலும் இது அழைக்கப்படுகிறது. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதை அமைத்து 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அதற்கு முன் பல மோட்டார் வண்டிகள் சைக்கிளைப் போலச் சங்கிலியில் ஓடின.

ஜாயிண்ட் கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. நேராகச் சுற்றும்போது உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்று. சாய்ந்து சுற்றும்போது அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறைகிறது. சாய்வு 10 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரி என்றால் 6 சதவீதம். 30 டிகிரி என்றால் 13 சதவீதத்திற்கும் மேல். சாய்வு இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்காகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வண்டி ஏன் குலுங்காமல் ஓடுகிறது? முன் ஜாயிண்ட்டில் கூடியதைப் பின் ஜாயிண்ட் குறைத்துவிடுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு முனைச் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கணக்கு நேராகாது. வரவும் செலவும் பேரேட்டில் சரியாக வராத நிலைதான்.

உயர்த்தினால் ஆவது என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே 600 மி.மீ. இடைவெளி, அதாவது சுமார் இரண்டடி. உயர வித்தியாசம் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 14 டிகிரி. இந்த வண்டியை 3 அங்குலம், அதாவது 75 மி.மீ. உயர்த்தினால் சாய்வு 20 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வேக ஏற்ற இறக்கம் 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்திற்கு மேல் போகிறது. ஷாஃப்ட் நீளமும் சுமார் 22 மி.மீ. கூட வேண்டியிருக்கிறது.

இதே உயர்த்தலை நான்கடி இடைவெளி உள்ள நீள வண்டியில் செய்தால் சாய்வு 7-லிருந்து பத்தரை டிகிரிக்கும், நீளம் சுமார் 12 மி.மீ. கூடுதலுக்கும்தான் போகும். ஆகவேதான் கட்டை ஜீப்பில் 3 அங்குலம் பெரிய தொல்லையாகிறது. நீள பிக்கப்பில் அவ்வளவு தெரிவதில்லை. 'பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் செய்தது, நம் வண்டியிலும் செய்யலாம்' என்பது இங்கே பொருந்தாது.

நீளம் கூடும்போது வழுக்கு இணைப்பு வெளியே இழுபடுகிறது. பல் பிடிக்கும் நீளம் குறைகிறது. பெரிய பள்ளத்தில் பின் சக்கரம் தொங்கும் நேரம் பல் முழுவதும் கழன்று ஷாஃப்ட் வெளியே வந்துவிடவும் கூடும்.

இத்துடன் முறுக்கு விசை. 200 நியூட்டன் மீட்டர் விசை உள்ள என்ஜின், முதல் கியர் விகிதம் 4, 'லோ' விகிதம் இரண்டரை என்று எடுத்துக்கொண்டால் ஷாஃப்ட்டில் 2000 நியூட்டன் மீட்டர் வருகிறது. நம் பாஷையில் சொன்னால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் நான்கு 50 கிலோ மூட்டைகளைத் தொங்கவிட்டு ஷாஃப்ட்டை முறுக்குவதற்குச் சமம். டயர் விட்டம் 28 அங்குலத்திலிருந்து 31 அங்குலமாகக் கூடினால், சக்கரம் பிடிமானத்தோடு இழுக்கும்போது அதே இழுப்புக்குச் சுமார் 11 சதவீதம் கூடுதல் முறுக்கு வேண்டும். சாய்வான ஜாயிண்ட், குறைந்த பல் பிடிப்பு, கூடுதல் முறுக்கு ஆகிய மூன்றும் ஒன்று சேரும் இடத்தில்தான் ஷாஃப்ட் போகிறது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். ஓடும்போது முன் முனை கழன்று கீழே விழுந்தால், அது தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். பின் முனை கழன்றால் சுழன்று சுழன்று பிரேக் குழாயையும் டீசல் டேங்க்கையும் அடிக்கும்.

மலை இறக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். கியரில் இறங்கும்போது என்ஜின்தான் வண்டியைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. ஷாஃப்ட் போன நொடியில் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. முழுச் சுமையும் கால் பிரேக்கின் மேல் விழுகிறது. பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். பின் ஷாஃப்ட் உடைந்தால் அந்தக் கை பிரேக்கை இழுத்தாலும் பின் சக்கரம் நிற்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் கடைச் சரக்கை ஏற்றிக்கொண்டு அடிவாரத் தோப்புக்குப் போன ஒரு வாடகை ஜீப்பில் இப்படித்தான் ஆயிற்று. கிளீனர் பையன் சமயோசிதமாகச் சக்கரத்துக்குக் கல் போட்டதால் ஆளுக்குச் சேதமில்லை. பருப்பு மூட்டைகள் ஓடையில் கிடந்தன. பின்னால் பார்த்தபோது, உயர்த்திய வண்டிக்குப் பழைய ஷாஃப்ட்டையே விட்டு வைத்திருந்தார்கள்.

முன்னறிவிப்புகள்

ஷாஃப்ட் சொல்லாமல் உடைவது அபூர்வம். கீழ்க்கண்டவற்றை டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. கிளட்சை விடும்போது 'டங்' என்ற சத்தம். ஜாயிண்ட் கிராஸ் அல்லது வழுக்குப் பல் தேய்ந்திருக்கலாம்.

2. மெதுவாகப் போகும்போது 'கிரீச் கிரீச்' என்று எலி கத்துவது போன்ற சத்தம். ஜாயிண்ட்டில் கிரீஸ் வற்றிவிட்டது.

3. லோடு இருக்கும்போது அதிர்வு இல்லை. காலியாகத் திரும்பும்போது அதிர்கிறது. இது உயர்த்திய வண்டிக்கே உரிய அடையாளம். லோடு ஏறினால் பட்டை தாழ்ந்து சாய்வு குறைகிறது. காலியானால் மீண்டும் உயர்ந்து சாய்வு கூடுகிறது. ஆகையால் உயர்த்திய வண்டியைக் காலியாக ஓட்டியும் சோதிக்க வேண்டும்.

4. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுக்கம். ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், எடைச் சமன் போயிருக்கலாம்.

5. ஜாயிண்ட் குப்பியைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் அரைபட்டுவிட்டது என்று பொருள். உடனே மாற்றுங்கள்.

மேம்படுத்தும் முறை

முதல் படி, உயர்த்தலைக் குறைப்பது. ஒன்றரை அங்குலம் போதும் என்ற இடத்தில் 3 அங்குலம் எதற்கு? பெரும்பாலான நம் வேலைகளுக்கு நல்ல பட்டையும் சரியான டயரும் போதும். பின் அச்சில் கட்டை வைப்பதானால் ஒரே கட்டையாக இருக்கட்டும். கட்டைமேல் கட்டை அடுக்கினால், முறுக்கு வரும்போது அச்சே திரும்பிப் பட்டையை வளைக்கும்; ஜாயிண்ட் சாய்வும் மாறும். முன் அச்சுக்குக் கட்டை வைக்கவே கூடாது.

இரண்டாவது, நீளம். உயர்த்திய பின் அளந்து, தேவையான நீளத்தில் ஷாஃப்ட் செய்ய வேண்டும். சேசிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் பல் போதிய அளவு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முழு லோடு ஏற்றி, வழுக்கு இணைப்பு அடிமுட்டாமல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடிமுட்டினால் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைக் குத்தி உடைக்கும். நீள வழுக்கு உள்ள ஷாஃப்ட் போடுவது இரண்டுக்கும் தீர்வு.

மூன்றாவது, சாய்வு. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இரு முனையிலும் ஒற்றை ஜாயிண்ட் கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால், டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சும் பின் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்துப் பினியனை மேல்நோக்கித் திருப்பினால் பின் சாய்வு மட்டும் குறைந்து, முன் சாய்வு அப்படியே நிற்கும், அதிர்வு கூடும். மாறாக, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயிண்ட் போட்டால், அந்த இரண்டும் தமக்குள்ளேயே வேகத்தைச் சமன் செய்துகொள்ளும். அப்போதுதான் பினியனை ஆப்பு வைத்து ஷாஃப்ட்டை நோக்கித் திருப்ப வேண்டும். கட்டை ஜீப்பை அதிகம் உயர்த்தியவர்களுக்கு இரட்டை ஜாயிண்ட்டே சரியான வழி.

தார் ரோட்டில் வேகமாக நெடுந்தூரம் போகும் வண்டிகளில், ஜாயிண்ட் சாய்வு 3 டிகிரிக்குள்ளும், இரு முனை வித்தியாசம் 1 டிகிரிக்குள்ளும் இருப்பது நல்லது என்பது பொதுவான விதி. அதற்காகச் சாய்வே இல்லாமல் நேராக வைப்பதும் தவறு. சிறிதாவது சாய்வு இருந்தால்தான் ஊசி பேரிங் உருளும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும்.

நான்காவது, பலம். ஒரு அளவு பெரிய ஜாயிண்ட் கிராஸ், அதற்கேற்ற கவை, சற்றுத் தடித்த சுவர் உள்ள குழாய் போடலாம். ஆனால் ஷாஃப்ட்டை மட்டும் இரும்புத் தூணாக்கிவிட்டால் அடுத்து உடைவது கிரௌன் பினியனோ டிரான்ஸ்ஃபர் கேஸோதான். சாக்கின் ஒரு ஓரத்தை மட்டும் இரட்டைத் தையல் போட்டால் மறு ஓரம் பிரிவது நமக்குத் தெரியாததா? ஷாஃப்ட்டை வழியில் கழற்றி மாற்றலாம். கிரௌன் பினியனை அப்படி மாற்ற முடியாது. எனவே வண்டிக்குப் பொருந்திய அளவில் ஒரு படி மட்டும் கூட்டுங்கள்.

ஐந்தாவது, பாதுகாப்பு வளையம். முன் ஜாயிண்ட்டுக்குச் சற்றுப் பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு பட்டை இரும்பு வளையம் சேசிஸில் பொருத்திவிட்டால், உடைந்தாலும் தரையில் குத்தாது. செலவு மிகக் குறைவு, பலனோ உயிர்.

லேத் பட்டறையில் கவனிக்க வேண்டியவை

தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைத்து ஷாஃப்ட் ஆக்கித் தருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். இதற்கென்றே இழுத்துச் செய்த குழாய் கிடைக்கிறது. குழாய் வேண்டாம், கனத்த கம்பியே போடுவோம் என்பதும் வேண்டாம். முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் வெளிச்சுற்று இரும்புதான். நடுவில் உள்ள இரும்பு எடையைத்தான் கூட்டும்.

நீளம் கூடக்கூட ஷாஃப்ட் துள்ளத் தொடங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். நீள லாரிகளில் ஷாஃப்ட்டை இரண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் வைப்பது இதனால்தான்.

கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்ட் அடையாளம் போடச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கவைகள் நேர்க்கோட்டில் இராது. வேலை முடிந்ததும் மெஷினில் எடைச் சமன் பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் ஒட்டியுள்ள சிறு இரும்புத் துண்டுகள் அதற்காக வைத்தவை. அசிங்கமாக இருக்கிறதென்று தட்டி எடுத்துவிடக் கூடாது.

உதிரி பாகங்களை பில்லுடன் வாங்குங்கள். போலி ஜாயிண்ட் கிராஸ் சந்தையில் உண்டு. சரக்கு வண்டிக்கான உதிரிக்கும் பழுது வேலைக்கும் செலுத்திய ஜி.எஸ்.டி.யை முறையான பதிவு உள்ளவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் ஆதியில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த ஷாஃப்ட்டுக்குப் பதில் அதே வகை ஷாஃப்ட் மாற்றுவது பழுது வேலை. உயரத்தையும் டயர் அளவையும் மாற்றுவது வேறு விஷயம். அதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் தெரிந்தால், கிளெய்ம் தகராறில் போய் நிற்கும்.

உயர்த்திய வண்டி கூடுதல் பாரம் தாங்கும் என்ற எண்ணமும் தவறானது. பட்டை கூட்டினால் வண்டி தாழாது; ஆனால் பிரேக்கும் அச்சும் ஷாஃப்ட்டும் பழையவைதான். அதிக பாரத்திற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

டிரைவருக்குச் சொல்ல வேண்டியவை

நான்கு சக்கர இயக்கத்தைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே போட வேண்டும். நம் பழைய ஜீப், பிக்கப் வகைகளில், காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு வளைந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடி, இரண்டு ஷாஃப்ட்டையும் முறுக்கிவிடும். புதைந்த வண்டியை என்ஜினை உறுமவிட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டு வெளியே எடுக்க முயல்வதும் ஷாஃப்ட்டை உடைக்கும். பத்து நிமிடம் மண்ணை வெட்டிவிட்டு எடுப்பதே லாபம்.

சேற்றிலோ ஓடைத் தண்ணீரிலோ இறங்கி வந்த பின் கட்டாயமாகவும், மற்ற நாட்களில் மாதம் ஒரு முறையும் ஜாயிண்ட் நிப்பிளிலும் வழுக்கு நிப்பிளிலும் கிரீஸ் அடிக்க வேண்டும். நான்கு குப்பிகளிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது. யூ போல்ட், ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் புது வேலை முடிந்த முதல் வாரத்திலேயே ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். வண்டியில் எப்போதும் இரண்டு மரக்கட்டை இருக்கட்டும். மலையில் நிறுத்தினால் முதலில் சக்கரத்துக்குக் கட்டை, பிறகுதான் இறங்குவது.

நம்மில் பலர் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். அன்றைக்கே வண்டியின் அடியில் ஒரு பாயை விரித்துப் படுத்து, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மறுநாளே ஷெட்டுக்கு அனுப்புங்கள். ஜாயிண்ட் கிராஸ் மாற்றும் செலவு ஒரு நாள் வாடகையோடு ஒப்பிடக் கூடியது. வழியில் உடைந்தால் சரக்குச் சேதம், இழுவை வண்டிக் கூலி, தவறிய வாடிக்கை எல்லாம் சேர்ந்து பல மடங்காகும். அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர், அவருக்கும் குடும்பம் உண்டு என்பதை எண்ணிப் பார்த்து, வணிகர்கள் இதில் தாமதம் செய்யாமல் இருக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.